ஈ.ஐ. கடைசி ரிப்போர்ட்: நாலு ஸ்டார்

வேலை போனவர்களுக்குக் கனடா அரசு தருகிற ஈ.ஐ. (வேலைக் காப்புறுதி) காசுக்காகச் சேர்விஸ் கனடா வைத்திருக்கும் இணைய ரிப்போர்ட் சேவையை 2025இல் நான் நல்லாகவே பாவித்துவிட்டேன். மார்க்கம் நகரில் இருந்த வேலை லே-ஓஃப் ஆனதில் இருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை அதே கேள்விகள். கனடாவுக்கு வெளியே போனீர்களா, வேலை செய்தீர்களா, படிப்புக்குப் போனீர்களா, வேலைக்கு ஆயத்தமாக இருந்தீர்களா? சின் நம்பரும் (சமூகக் காப்புறுதி இலக்கம்) தபாலில் வந்த நாலு இலக்க அக்சஸ் கோடும் அடித்தால் உள்ளே போகலாம். வேலை இல்லாத கிழமைகளில் தேத்தண்ணி ஆறுவதற்குள் அலுவல் முடிந்துவிடும். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

வேலை கிடைத்த பிறகு போடுகிற கடைசி ரிப்போர்ட்டில்தான் எங்கட ஆட்கள் சறுக்குவது. "ஈ.ஐ.யை மூடு" என்று ஒரு பட்டன் இருக்கும் என்று தேட வேண்டாம். முழுநேர வேலை தொடங்கினீர்களா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு ஆம் போட்டு, அந்த ரிப்போர்ட்டுக்குள் அடங்கும் இரண்டு கிழமைக்கும் செய்த மணித்தியாலங்களையும் உழைப்பையும் சரியாகப் போட்டால் அதுதான் முடிவு. கடிதம் எழுதவோ லைனில் நிற்கவோ தேவையில்லை.

என்னுடைய புது வேலை, கம்பனிகளுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்சி மூலம் வந்தது. அங்கே பேரோல் பார்க்கிற பிள்ளை, "அங்கிள், முதல் செக் வர இரண்டு கிழமை செல்லும், காசு கையில வந்தாப் பிறகு ஈ.ஐ.க்குச் சொன்னாக் காணும்" எண்டு சொன்னா. நல்ல மனசோடதான் சொன்னா. ஆனால் சொன்னது முழுப் பிழை. ஈ.ஐ.க்குக் காசு கைக்கு வந்த நாள் கணக்கில்லை, உழைத்த கிழமைதான் கணக்கு. அந்தக் கிழமையும் ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடியும், ஏஜென்சியின் சம்பளக் கிழமை எதுவாக இருந்தாலும் சரி. போட வேண்டியதும் வரி, சி.பி.பி. (கனடா ஓய்வூதியத் திட்டக் கட்டணம்) எல்லாம் கழிக்க முதல் வருகிற முழுத் தொகை.

கணக்கு எப்படிப் போகும் என்று ஒருக்கால் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 19.50 டொலர், வேலை தொடங்கியது புதன்கிழமை. முதல் கிழமையில் மூன்று நாள், 24 மணித்தியாலம், 468 டொலர். ஏஜென்சிக்காரர் விடுமுறைப் பணம் 4 வீதத்தை ஒவ்வொரு செக்கிலும் சேர்த்தே தருவதால் அதுவும் கூட வரும்: 18.72. மொத்தம் 486.72. ஒருவருக்குக் கிழமைக்கு 520 டொலர் ஈ.ஐ. என்று வைத்தால், உழைத்ததில் பாதி, 243.36, வெட்டுப்படும். மிச்சம் 276.64 கிடைக்கும், அதிலும் வரி போகும். மூன்று நாள் வேலை செய்ததால் அந்தக் கிழமை முழுவதும் போய்விட்டது என்று நினைத்து ரிப்போர்ட்டே போடாமல் விடுகிறவர்களுக்கு இந்தக் காசு நட்டம்தானே. ரிப்போர்ட்டைப் போட வேண்டிய நாளில் இருந்து மூன்று கிழமைக்குள் போட்டுவிட வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இரண்டாம் கிழமை வேறு கதை. 40 மணித்தியாலம், விடுமுறைப் பணம் சேர்க்காமலே 780 டொலர். "பாதி 390 தானே வெட்டுவான், இன்னும் 130 வரும்" என்று கணக்குப் பார்க்க வேண்டாம். முழுக் கிழமை வேலை செய்தால் சம்பளம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தக் கிழமைக்கு ஈ.ஐ. ஒரு சதமும் இல்லை.

மறைக்கலாம் என்று நினைக்கிற கெட்டிக்காரருக்கும் ஒன்று. வருமான வரித் திணைக்களத்தின் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், புதிதாக ஆட்களை எடுத்த விபரத்தைக் கம்பனிகளும் கொடுக்கின்றன. வருடக் கணக்குப் பிந்தியும் கடிதம் வரலாம். கூட எடுத்த காசு திரும்பக் கட்ட வேண்டும். தெரிந்தே பொய் சொன்னதாக முடிவானால் அதைப்போல மூன்று மடங்கு வரை தண்டம் போட முடியும், அடுத்த முறை ஈ.ஐ. எடுக்கக் கூடுதல் வேலை மணித்தியாலங்களும் கேட்பார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ரிப்போர்ட் நின்றால் கிளெய்ம் செத்துப்போவதில்லை, படுத்துக் கிடக்கும். மிச்சக் கிழமைகள் இருந்து, தொடங்கிய நாளில் இருந்து 52 கிழமையும் முடியாமல் இருந்தால், புது வேலை போனாலும் பழையதையே எழுப்பலாம். கிளெய்ம் தொடங்கேக்க காசு இல்லாமல் இருந்த அந்த ஒரு கிழமைக் காத்திருப்பும் திரும்ப இல்லை. ஏஜென்சி வேலை எவ்வளவு காலம் ஓடும் என்று ஆருக்குத் தெரியும்? நாலு கிழமையோ அதற்கு மேலோ ரிப்போர்ட் இல்லாமல் இருந்துவிட்டால் விண்ணப்பத்தைத் திரும்ப நிரப்ப வேண்டும், அவ்வளவுதான். புது இடத்தில் இருந்து ஆர்.ஓ.ஈ. (வேலை செய்த விபரப் பத்திரம்) போக வேண்டும், அதை இப்போது பெரும்பாலும் கம்பனியே கணினியில் அனுப்பிவிடும்.

ஒரு ஸ்டாரைக் குறைத்ததற்குக் காரணம் மொழி. திரையிலும் தொலைபேசியிலும் ஆங்கிலமும் பிரெஞ்சும் மட்டும்தான். "பொருத்தமான வேலை", "உழைப்பு" போன்றவற்றைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று ஸ்காபரோவில் இருக்கிற ஒரு அம்மாவுக்கு ஆர் சொல்லிக் கொடுப்பது? பிள்ளைகள் வேலையால் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

பெப்ரவரியில் டி4ஈ (எடுத்த ஈ.ஐ. காசைக் காட்டும் வரிப் படிவம்) வரும், எறிந்துவிடாமல் வரி செய்கிறவரிடம் கொடுங்கள். ஈ.ஐ.யில் பிடிக்கும் வரி குறைவு. புதுச் சம்பளமும் சேர்ந்தால் ஏப்ரலில் கட்ட ஏதாவது வரக்கூடும், இப்போதே கொஞ்சம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.