எல்டன் ரிங்: மூன்று வருடம் அடி வாங்கிய கணக்கு

எல்டன் ரிங் என்ற வீடியோ கேம் வெளிவந்தது 2022 பிப்ரவரியில். நான் வாங்கியது அந்த வருடக் கடைசியில், தள்ளுபடிக்குக் காத்திருந்து. முதல் மாதத்திலேயே இரண்டு முறை கணினியிலிருந்து அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். இப்போது ஆடிய நேரம் நானூறு மணியைத் தாண்டிவிட்டது. இதில் பாதியை வீணாகச் செத்தே கழித்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ஆட்டம் தரும் ஆள் வகைகளில் சாமுராயாகத் தொடங்கினேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை, உச்சிகட்டானா வாள் பார்க்க அழகாக இருந்தது. ஸ்டார்ம்வேல் கோட்டைக்கு முன்னால் மார்கிட் என்று ஒருவன் நிற்பான். அவனிடம் இரண்டு வாரம் மாட்டிக்கொண்டேன். வயசாகிவிட்டது, விரல் முன்னைப்போல ஓடவில்லை என்றே முடிவு கட்டியிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்த அக்கா மகன்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தான்.

"மாமா, அவன் கம்ப தூக்கினதுமே நீங்க உருண்டுடுறீங்க. அவன் இன்னும் அடிக்கவே இல்ல."

உண்மைதான். மார்கிட் கம்பை ஓங்குவான். ஓங்கியபடியே கொஞ்ச நேரம் நிற்பான். நாம் பதறி உருண்டு, எழுந்து நிற்கும் நேரத்தில் சரியாக மண்டையில் இறக்குவான். நான் வேகம் போதாமல் சாகவில்லை, வேகம் கூடிப்போய்ச் செத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இன்னொன்றும் புரிந்தது. இந்த ஆட்டத்தில் ஓடுவதற்கும் உருளுவதற்கும் ஒரே பட்டன். அழுத்திப் பிடித்தால் ஓட்டம், தட்டிவிட்டு விட்டால் உருளல். அதாவது பட்டனிலிருந்து விரலை எடுக்கும்போதுதான் ஆள் உருளுவான். பயத்தில் பட்டனை இறுக்கிப் பிடிக்கிறவனுக்கு உருளல் தாமதமாகத்தான் வரும். நான் பிடித்த பிடியில் கண்ட்ரோலர் உடையாமல் இருந்ததே பெரிது.

அடி வாங்கிக்கொண்டே மருந்துக் குப்பியை எடுத்தால் அதற்கும் தனித் தண்டனை உண்டு. தள்ளி நின்று குடிக்கத் தொடங்கினால் ஒளிக்கத்தியை வீசுவான். அவன் ஒரு வீச்சை முடித்துத் தடுமாறும் இடைவெளியில்தான் குடிக்க வேண்டும். அதே இடைவெளியில்தான் நாம் அடிக்கவும் வேண்டும். குடிப்பதா, அடிப்பதா? முக்கால்வாசிச் சாவு இந்த ஒரு முடிவில்தான் நடக்கிறது. ஒன்று அடித்துவிட்டு விலக வேண்டிய இடத்தில் இரண்டாவதையும் போட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும்.

சரி, கைப்பழக்கம் ஒரு பக்கம். நான் தோற்றதற்குப் பெரிய காரணம் கணக்கு தெரியாததுதான். எதிரிகளை வீழ்த்திக் கிடைத்த ரூன் எல்லாவற்றையும் டெக்ஸ்டெரிட்டியில், அதாவது கைலாவகத்தில், போட்டுவிட்டு, உயிரைத் தரும் விகரைத் தொடக்கத்தில் இருந்த 12-லேயே விட்டிருந்தேன். விகர் 40 ஆனால் உயிர் 1450. 60 ஆனால் 1900. அதற்குமேல் 99 வரை இன்னும் 39 புள்ளி கொட்டினாலும் கூடுவது வெறும் 200. 60-ஐத் தொடும் வரை வஞ்சனை இல்லாமல் போடலாம். ஆட்டத்தின் ஆரம்பத்தில் அடி பலத்தைத் தீர்மானிப்பது நம் லெவலைவிட ஆயுதத்தின் மேம்பாடு. எல்லே தேவாலயத்தில் ஒரு பட்டறைக் கல் இருக்கிறது. அங்கேயே வாளை +3 வரை ஏற்றலாம், பன்னிரண்டு ஸ்மிதிங் ஸ்டோன் போதும். அந்த ஸ்மிதிங் ஸ்டோன் லிம்கிரேவ் என்ற தொடக்கப் பகுதியின் சுரங்கத்தில் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. நான் அந்தச் சுரங்க வாசலைக் குதிரையில் எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன்.

எடைக்கணக்கு இன்னும் வேடிக்கை. தூக்கும் திறனில் எழுபது சதவீதத்தைத் தொட்டால் உருளல் பொத்தென்று விழும் மூட்டை மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் புதுக் கவசம் கிடைத்த சந்தோஷத்தில் போட்டுக்கொண்டு போய் சாதாரணச் சிப்பாய்களிடமே செத்தேன். தலைக்கவசத்தை மட்டும் கழற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது. அதன்பிறகு என் ஆள் பாதி ஆட்டத்தை மொட்டைத் தலையோடுதான் முடித்தான்.

ஆட்டம் இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லித் தராது. சில சமயம் வேண்டுமென்றே வம்பில் மாட்டிவிடும். லிம்கிரேவ் ஏரிப் பக்கம் எரிந்துபோன இடிபாடுகளில் ஒரு பெட்டி இருக்கிறது. திறந்தால் புகை. கண் திறந்து பார்த்தால் கேலிட் பகுதியில் ஒரு படிகச் சுரங்கம். உள்ளே இருக்கும்வரை வரைபடம் வழியாகத் தப்பிக்க முடியாது, ஓடித்தான் வெளியே வரவேண்டும். வந்தால் வானமே ரத்தச் சிவப்பு. அன்றைக்கு எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இன்றைக்கு யோசித்தால் மொத்த ஆட்டத்திலும் பிடித்த அரைமணி நேரம் அதுதான்.

இரண்டாவது முறை ஆடும்போது கேடயம் எடுத்தேன். தடுத்தவுடனே பலமான அடிப் பட்டனைத் தட்டினால் எதிரி நிலைகுலைவான். இந்தக் கார்ட் கவுண்டரைப் பழகியதும், முதல் முறை பயமுறுத்திய பாதிப் பேர் சாதுவாகிவிட்டார்கள். கேடயம் போதும், இனி கவலையில்லை என்று நிம்மதியாக மலேனியா என்ற பெரிய எதிரியிடம் போனேன். அவள் அடி கேடயத்தில் பட்டாலும் அவளுக்கு உயிர் ஏறும்! கேடயத்தைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றோடு ரெனாலா என்பவளிடம் போய்ப் புள்ளிகளை எல்லாம் கலைத்து மறுபடி அடுக்கினேன்.

ஸ்பிரிட் ஆஷ், அதாவது துணைக்கு வரும் ஆவிகளைக் கூப்பிட்டு ஆடுவது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள். ஆட்டத்திலேயே கொடுத்திருக்கிறார்கள், கூப்பிடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. பெரிய உருவங்களோடு மோதும்போது கேமரா அவர்கள் காலடியில் சிக்கிக்கொள்ளும். யார் எங்கே வரச் சொன்னார்கள் என்பதற்குப் பட்டியல் கிடையாது, நான் ஒரு பழைய டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன். தமிழ் இல்லை, இருக்கும் ஆங்கிலமும் பூடகமானது. சண்டை நடுவே கூரியர்காரர் மணியடித்தால் சாவதைத் தவிர வழியில்லை.

2024 ஜூனில் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ என்ற கூடுதல் பகுதி வந்தது. 150-ஐத் தாண்டிய லெவல், முழுசாக மேம்படுத்திய வாள், இதோடு மிதப்பாக உள்ளே போனேன். வழியில் நின்ற ஒரு சாதாரண வீரன் இரண்டே அடியில் படுக்க வைத்தான். அந்த உலகத்துக்குத் தனிக் கணக்கு: அங்கே நம் பலத்தைக் கூட்டும் ஸ்கேடுட்ரீ துண்டுகள் ஐம்பதையும் தேடிப் பிடித்து இருபது நிலை ஏற வேண்டும். பெரிய எதிரியைத் தேடி நேராகப் போகாமல் மூலைமுடுக்கெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோதுதான் அந்த வீரனை நிதானமாகப் பார்க்க முடிந்தது.

போன மாதம் அக்கா மகன் அவனாகவே ஓர் ஆட்டம் தொடங்கினான். எடுத்த ஆள் வகை ரெச், அதாவது கையில் ஒரு தடி, இடுப்பில் ஒரு துணி. குகையை விட்டு வெளியே வந்ததும் தங்கக் கவசம் போட்டுக் குதிரையில் உலாத்தும் ட்ரீ சென்டினலிடம் நான்கு முறை செத்தான். எனக்கு வாய் நமநமத்தது.

"மாமா, இவன் இங்கயேதான் சுத்துவானா?"

"ஆமாடா."

"அப்ப இருக்கட்டும், குதிரை கெடச்சப்புறம் வந்து பாத்துக்குறேன்" என்று அவனைச் சுற்றிக்கொண்டு மேட்டின் மேல் ஏறிப் போய்விட்டான். நான் அதே இடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செத்திருந்தேன்.