பதின்வயதுப் பிள்ளைகளுடன் புக்கெட் பேக்கேஜ்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

2025 மே மாத இறுதியில், பத்தாம் வகுப்பு முடித்த மகளையும் எட்டாம் வகுப்பு முடித்த மகனையும் அழைத்துக்கொண்டு, தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு ஒரு டிராவல்ஸ் நிறுவனத்தின் பேக்கேஜில் சென்றுவந்தோம். மதுரையில் இயங்கும் அந்த நிறுவனம் எங்களை ஏமாற்றிய விதத்தை இங்கே விரிவாக எழுதக் காரணம், பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுடன் வெளிநாடு செல்ல விரும்பும் எந்தக் குடும்பத்திடமும், குறிப்பாக மே மாதத்தை விட்டால் வேறு விடுமுறையே இல்லாத நம்மைப் போன்றவர்களிடம், இதே பேக்கேஜை இதே முறையில் விற்க முடியும் என்பதுதான். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தரவில்லை.

பேக்கேஜின் விலை, ஜி.எஸ்.டி. உட்பட நால்வருக்கும் சேர்த்து 3,20,000 ரூபாய். சென்னையிலிருந்து பாங்காக் வழியாக விமானப் பயணம், கரோன் கடற்கரைக்கு அருகே நான்கு நட்சத்திர ஓட்டல், காலை உணவு, விமான நிலையத்துக்குத் தனி வண்டி, ஃபி ஃபி தீவுகளுக்கும் சிமிலன் தீவுகளுக்கும் படகுச் சுற்றுலா ஆகியவை அதில் அடக்கம் என்று சொன்னார்கள். மற்ற இரண்டு நிறுவனங்கள் இதைவிட எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கேட்டிருந்ததால் காரணத்தைக் கேட்டோம். "இது ஆஃப் சீசன் மேடம், அங்கே ஓட்டல் எல்லாம் பாதி விலைக்குத் தருகிறார்கள். நாங்கள் அதை அப்படியே உங்களுக்குக் கொடுக்கிறோம்" என்றார் உரிமையாளர். ஆஃப் சீசன் என்பது உண்மை. விலை குறைந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது என்பதைக் கரோனில் ஓட்டலின் வரவேற்பு மேசைக்கு வந்த பிறகே அறிந்தோம்.

தாய்லாந்தில் வெளிநாட்டு விருந்தினர் தங்கினால், அந்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்கு ஓட்டல் தெரிவித்தாக வேண்டும். ஆகவே நால்வரின் பாஸ்போர்ட்டையும் வாங்கிக் கணினியில் ஏற்றத் தொடங்கிய பணிப்பெண், சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பெரியவர்கள் இருவர், குழந்தைகள் இருவர், வயது 8 மற்றும் 6, அறை ஒன்று, கட்டில் ஒன்று என்று அதில் இருந்தது. அம்மாவைவிட ஓர் அங்குலம் உயர்ந்துவிட்ட 16 வயது மகளும், பூனைமீசை அரும்பத் தொடங்கிய 13 வயது மகனும் பெட்டிகளைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றிருந்தார்கள். மகன் திரையைப் பார்த்துவிட்டு, "இதில் யார் ஆறு வயது?" என்று கேட்டான். பணிப்பெண்ணுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை.

பெரும்பாலான ஓட்டல்களில் 12 வயது நிறையாதவர்களுக்கே குழந்தைக்கான சலுகை கிடைக்கும். பெற்றோரின் கட்டிலிலேயே படுத்துக்கொள்ளும் சிறு குழந்தைக்குப் பல இடங்களில் தங்கும் கட்டணம் கிடையாது. டிராவல்ஸ்காரர்கள் இதைச் 'சி.என்.பி.' (சைல்ட் நோ பெட்) என்று சுருக்கமாகக் குறிப்பார்கள். எங்கள் வவுச்சரிலும் ஒரு மூலையில் அந்த மூன்று எழுத்துகள் இருந்தன. அறையில் ஒரு கூடுதல் கட்டிலுக்குத்தான் இடம் உண்டு, பதின்வயதினர் இருவரைச் சேர்த்து நான்கு பேரை ஒரே அறையில் தங்கவிட முடியாது என்று ஓட்டல் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. இரண்டாவது அறைக்கு ஓர் இரவுக்கு 2,200 பாட் கேட்டார்கள். அப்போது ஒரு பாட் ஏறத்தாழ 2.60 ரூபாய். அதாவது ஓர் இரவுக்கே 5,700 ரூபாய்க்கு மேல். இரவு பத்து மணிக்கு, மழையில், பிள்ளைகளுடன் வேறு ஓட்டல் தேட வழியில்லாததால் கார்டில் பணம் கட்டினோம்.

இது தட்டச்சில் நேர்ந்த பிழையாக இருக்க முடியாது என்பதற்கு விமானச் சீட்டுகளே சாட்சி. சர்வதேச விமானங்களில் 12 வயது நிறைந்தவர்களுக்குப் பெரியவர்களுக்கான கட்டணம்தான். பிறந்த தேதி பாஸ்போர்ட்டுடன் ஒத்துப்போகாவிட்டால் விமான நிலையத்திலேயே சிக்கல் என்பதால், அங்கே மட்டும் நிறுவனம் பொய் எழுதத் துணியவில்லை. சீட்டுகளில் எங்கள் நால்வரையும் பெரியவர்கள் என்று சரியாகவே பதிவு செய்திருந்தார்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரே வாரத்தில், விமானத்துக்கு ஒரு வயதையும் ஓட்டலுக்கு இன்னொரு வயதையும் கொடுத்திருக்கிறார்கள். புகாரில் இந்த இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து இணைத்திருக்கிறோம். எங்கள் வழக்கறிஞரின் கருத்துப்படி, மற்ற எல்லா ஆவணங்களையும்விட இவைதான் வலுவானவை.

அன்றிரவே உரிமையாளரை வாட்ஸ்அப்பில் அழைத்தபோது, "ஒரு நைட் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம், காலையில் பேசித் தீர்த்துடுறேன்" என்றார். காலையில் அழைப்பை எடுக்கவில்லை. மாலையில் ஒரு குரல் பதிவு வந்தது. ஓட்டலில் வயதைக் கேட்டால் பன்னிரண்டுக்குக் குறைவு என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று அதில் எங்களுக்கே அறிவுரை சொல்லியிருந்தார். அந்தக் குரல் பதிவு பத்திரமாக இருக்கிறது.

அடுத்தது சிமிலன் தீவுகள். தாய்லாந்துக்குக் கிழக்கில் ஒரு கடல், மேற்கில் ஒரு கடல் என்பதையும், இரண்டு கரைகளுக்கும் மழைக்காலம் வேறு என்பதையும் பேக்கேஜ் விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. புக்கெட், கிராபி, ஃபி ஃபி, சிமிலன் எல்லாம் மேற்கே அந்தமான் கடலில் இருப்பவை. கேரளத்தை நனைக்கும் அதே தென்மேற்குப் பருவமழை அங்கும் மே மாதத்தில் தொடங்கி அக்டோபர் வரை நீடிக்கும். கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ சமுய், கோ பங்கான் போன்ற தீவுகளுக்கு அந்தக் காலத்தில் மழை குறைவு. அவற்றுக்குக் கனமழை நம் ஊரைப் போலவே அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மே விடுமுறையில் கடலுக்காகவே தாய்லாந்து செல்பவர்கள் எந்தக் கரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இந்த ஒரு விவரமே தீர்மானித்துவிடும்.

சிமிலனுக்கு மழை மட்டும் தடையல்ல. அது தேசியப் பூங்கா. ஆண்டுதோறும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பார்வையாளர்களுக்கு மூடிவிடுவார்கள், வெயில் அடித்தாலும் படகு போகாது. மே கடைசி வாரத்துப் பயணத் திட்டத்தில், நாள் குறித்து, 'சிமிலன் தீவுகள் ஸ்பீட் போட் சுற்றுலா, மதிய உணவுடன்' என்று அச்சிட்டுத் தந்து பணம் வாங்கியவர்கள், நடக்கவே முடியாத ஒன்றைத்தான் விற்றிருக்கிறார்கள். புக்கெட்டில் அவர்களுடைய உள்ளூர் ஆளிடம் கேட்டபோது, அப்படியொரு முன்பதிவே தன்னிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டார். மதுரையில் கேட்டால், 'வானிலையால் ரத்தாகும் சுற்றுலாவுக்குப் பணம் திருப்பித் தரப்படாது' என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட மூடலுக்கும் வானிலைக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஃபி ஃபி பயணத்துக்குப் படகு உண்மையிலேயே இருந்தது. ஆனால் படகுத்துறையிலும் அதே வயதுப் பிரச்சினை எழுந்தது. இரண்டு குழந்தைச் சீட்டுகளுக்கான வித்தியாசத்தைக் கட்டினால்தான் ஏற்றுவோம் என்றார்கள். தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணமும் பேக்கேஜில் இல்லை. வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு 400 பாட், சிறுவர்களுக்கு 200 பாட். அங்கே சிறுவர் என்பது 14 வயது வரை என்பதால் மகனுக்கு மட்டும் பாதிக் கட்டணம் பொருந்தியது. ஓட்டலில் ஒரு வரம்பு, விமானத்தில் ஒரு வரம்பு, பூங்காவில் வேறொரு வரம்பு என்று வயதுக் கணக்கு இடத்துக்கு இடம் மாறும் என்பதால்தான், பதின்வயதுப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு 'பெரியவர் 2, குழந்தை 2' என்று மொத்தமாக எழுதித் தரும் விலைப்பட்டியலை நம்பக் கூடாது.

இவ்வளவுக்கும் பிறகு நாங்கள் படகில் ஏறவில்லை. அன்று காலை கரோன் கடற்கரை நெடுகச் சிவப்புக் கொடி பறந்தது. அங்கே மழைக்காலத்தில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் மிகவும் ஆபத்தானது. நீச்சல் குளத்தில் தேர்ந்த பிள்ளைகளையே 'நமக்குத்தான் நீந்தத் தெரியுமே' என்ற துணிச்சல் இறங்கத் தூண்டும். 2018 ஜூலை 5 அன்று, இதே பருவத்தில், புக்கெட்டுக்கு அருகே ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தனர். கடலைப் பார்த்தபின் ஏற மறுக்கும் உரிமை பெற்றோருக்கு இருக்க வேண்டும். ஆனால் படகு புறப்பட்டுவிட்டது, வராதது உங்கள் முடிவு என்று டிராவல்ஸ் நிறுவனம் சொல்லிவிட, அந்தப் பணமும் போயிற்று. கட்டிய வித்தியாசத் தொகையை மட்டும் படகுக்காரர்கள் மறுபேச்சின்றித் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்கள் மீது எங்களுக்குக் குறையில்லை.

சிறு தொகைகளிலும் கை வைத்திருந்தார்கள். நாங்கள் சென்ற காலத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு தாய்லாந்து சுற்றுலா விசா தேவைப்படவில்லை. 2025 மே 1 முதல் கட்டாயமாக்கப்பட்ட டிஜிட்டல் வருகை அட்டையைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில், வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள், எவரும் இலவசமாக நிரப்பிக்கொள்ளலாம். அதற்கு 'விசா உதவிக் கட்டணம்' என்று தலைக்கு ஆயிரம் ரூபாய் வாங்கினார்கள். தனி வண்டி என்று சொன்னது, வேறு பயணிகளுடன் பகிர்ந்துகொள்ளும் மினிவேனாக வந்தது. அதுவும் பாதி வழியில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் நின்று, பட்டியல்களைக் காட்டிப் பேரம் பேசிய பிறகே கரோனுக்குப் புறப்பட்டது.

ஊர் திரும்பிய பின் தெரியவந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிக எரிச்சல் தந்தது. வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ் விற்கும் நிறுவனம் வாடிக்கையாளரிடம் டி.சி.எஸ். என்னும் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். நாங்கள் பணம் கட்டியபோது 10 லட்சம் ரூபாய் வரை அது 5 சதவீதம். அந்தக் கணக்கில் எங்களிடம் 16,000 ரூபாய் வாங்கினார்கள். இது செலவே அல்ல. நம் பான் எண்ணில் வரவு வைக்கப்பட்டு, வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ கூடிய தொகை. ஆகஸ்டில் என் கணவர், பான் எண்ணில் வரவான வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐப் பார்த்தபோது அதில் அந்த நிறுவனத்தின் பெயரே இல்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டுக்கு அவர்கள் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள் ஜூலை 15-இலேயே முடிந்திருந்தது. வரி பிடித்ததற்கு அவர்கள் தர வேண்டிய 27டி சான்றிதழைக் கேட்டதற்கு, "எங்கள் ஆடிட்டர் ஊரில் இல்லை" என்றார்கள். ரசீதை எடுத்துப் பார்த்தால், வரி பிடிக்கும் நிறுவனத்துக்கு இருக்க வேண்டிய டான் எண்ணே அதில் அச்சிடப்படவில்லை. அரசுக்கு என்று சொல்லி வாங்கிய பணத்தை அவர்களே வைத்துக்கொண்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதே போன்ற பயணத்துக்கு இப்போது பணம் கட்டவிருப்பவர்கள், டிராவல்ஸ் நிறுவனம் தன் முகவரித் தாளில் அடித்துத் தரும் வவுச்சரோடு நின்றுவிடாமல், ஓட்டலே தரும் உறுதிப்படுத்தல் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதை வைத்து ஓட்டலுக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, எத்தனை அறைகள், யார் யார் பெயரில், பிள்ளைகளுக்கு என்ன வயது என்று பதிவாகியிருக்கிறது, பணம் செலுத்தப்பட்டுவிட்டதா என்று கேளுங்கள். ஒழுங்கான ஓட்டல் ஓரிரு நாளில் பதில் எழுதிவிடும். பிள்ளைகளின் பிறந்த தேதியை, வெறும் 'குழந்தை' என்று இல்லாமல், விலைப்பட்டியலிலேயே எழுதச் சொல்லுங்கள். தேசியப் பூங்கா எதுவும் திட்டத்தில் இருந்தால் அது எந்த மாதங்களில் மூடப்படும் என்பதைத் தனியே பார்த்துக்கொள்ளுங்கள். பணத்தை உரிமையாளரின் சொந்த ஜி.பே. எண்ணுக்கு அனுப்பாமல், நிறுவனத்தின் நடப்புக் கணக்குக்கோ கிரெடிட் கார்டிலோ செலுத்துங்கள். எங்கள் முன்பணம் ஒரு தனிநபர் எண்ணுக்குப் போனதால், அது நிறுவனத்துக்குக் கொடுத்த பணம்தான் என்று காட்டவே நாங்கள் வாட்ஸ்அப் உரையாடலைத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பதிவு செய்தோம். அதற்கு நிறுவனம், நல்லெண்ண அடிப்படையில் 15,000 ரூபாய் தருவதாகவும், கூகுளில் நாங்கள் எழுதிய மதிப்புரையை அதற்கு முன் நீக்க வேண்டும் என்றும் பதில் அனுப்பியது. மறுத்துவிட்டோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை, இணையவழியிலேயே தாக்கல் செய்யலாம். அவ்வாறே செய்திருக்கிறோம். டி.சி.எஸ். பற்றி வருமான வரித் துறைக்குத் தனியாக எழுதியிருக்கிறோம்.

அந்த நிறுவனம் இதற்கிடையே புதிய விளம்பரம் ஒன்றை வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. தீபாவளியை ஒட்டிய நவம்பர் மாதச் சலுகையாம், பெரியவர் இருவர், குழந்தைகள் இருவர், இடம் கோ சமுய்.