‘மூன்று மாதத்தில் இயக்குநர்’: திருகோணமலையில் பணம் கட்ட இருப்பவர்கள் கவனத்திற்கு

கடந்த வருடம், திருகோணமலை நகரில் ஒரு கடையின் மேல்மாடியில் நடந்த திரைப்பட இயக்கப் பயிற்சிநெறிக்கு 45,000 ரூபாய் கட்டி ஏமாந்தேன். அதே ஆட்கள் இப்போது வேறு பெயரில் உப்புவெளிப் பக்கம் சுவரொட்டி ஒட்டியிருப்பதால், பழைய பெயரை இங்கே எழுதியும் பயனில்லை.

கமரா, ஒளியமைப்பு, படத்தொகுப்பு, முடிவில் ஆளுக்கொரு குறும்படம் என்று துண்டுப்பிரசுரத்தில் இருந்தது. நடந்ததோ, சனி ஞாயிறுகளில் யன்னலுக்குப் போர்வை கட்டி, பென்டிரைவில் கொண்டுவந்த படங்களைச் சுவரில் ஓடவிட்டதுதான். படம் தொடங்கியதும் பயிற்றுநர் தொலைபேசியோடு படிக்கட்டுக்குப் போய்விடுவார், முடியும்போது வந்து, “எப்படி இருந்தது?” என்பார். பன்னிரண்டு வாரங்களில் ஒரு காட்சியைக்கூட அவர் இடையில் நிறுத்தி விளக்கியதில்லை. மேசையில் முதல் நாளிலிருந்தே ஒரு கமரா இருந்தது. ஐந்தாவது வாரம் அதைக் கேட்டு வாங்கி அடிப்பக்க மூடியைத் திறந்தேன். பற்றரி இருக்க வேண்டிய இடத்தில் தூசிதான் இருந்தது.

முறையிட்டபோது அவர் சத்யஜித் ராயைத் துணைக்கு அழைத்தார். ராய் எந்தத் திரைப்படக் கல்லூரிக்கும் போகாமல், 1950இல் லண்டனில் சுமார் 100 படங்களைப் பார்த்தே இயக்குநரானாராம். பாதிக் கதையை விழுங்கிவிட்டார். 1947இலேயே கல்கத்தாவில் நண்பர்களோடு திரைப்படச் சங்கம் தொடங்கியவர் ராய். 1952இல் கமராவோடு இறங்கிய அவர், பணமில்லாமல் இடையிடையே நின்றுபோன படப்பிடிப்பை முடித்து முதற்படத்தை வெளியிட 1955 ஆகிவிட்டது. தவிர, பார்த்தே படித்துவிடலாம் என்றால் என்னிடம் 45,000 ரூபாய் எதற்கு?

பிறகு வீட்டிலேயே பார்க்கத் தொடங்கினேன். ஒலியை நிறுத்திவிட்டு, நான்கு நிமிடக் காட்சி ஒன்றை மட்டும் எடுத்து, வெட்டு விழும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, கமரா எங்கே நின்றது, யார் எந்தப் பக்கம் பார்த்தார் என்று அப்பியாசக் கொப்பியில் குறித்தேன். அதற்கே ஒரு பின்னேரம் போனது. அடுத்த கிழமை உட்துறைமுக வீதியில் தம்பியையும் அவனுடைய நண்பனையும் எதிரெதிரே இருத்தி, தொலைபேசியில் ஓர் உரையாடலை எடுத்தேன். தனித்தனியே எடுத்ததை ஒட்டிப் பார்த்தால், இருவரும் இடப்பக்கமே பார்த்தபடி யாரோ மூன்றாம் ஆளோடு பேசுவதுபோல் இருந்தது. பேசுகிற இருவரையும் இணைக்கும் கோட்டைக் கமரா தாண்டக்கூடாது என்ற 180 பாகை விதி அன்றுதான் எனக்குப் புரிந்தது. வகுப்பில் ஓடிய 24 படங்களிலும் அது எத்தனையோ தடவை கண்முன்னே கடந்திருக்கும், காட்டித்தரத்தான் ஆளில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பற்றுச்சீட்டு உண்டா என்றார்கள். முற்பணத்துக்குக் கையொப்பமில்லாத துண்டொன்று தந்திருந்தார்கள். மீதியை அதுவுமில்லாமல் கொடுத்தது என் முட்டாள்தனம். தந்த சான்றிதழிலோ, மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவிலக்கம் இல்லை. உப்புவெளிக்குப் போய் விசாரிப்பவர்கள் பதிவிலக்கத்தையும் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டையும் முதலில் கேளுங்கள். மேசையில் கமரா இருந்தால், பற்றரி மூடியையும் ஒருதடவை திறந்து பாருங்கள்.