‘கிஃப்ட்’ என்று எழுதி வந்த பொம்மை லாரி

வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் டிங்கி என்ற பிரிட்டிஷ் பிராண்டின் பழைய பொம்மை லாரி வாங்கி நன்றாக மாட்டிக்கொண்டேன். இப்படிப் பொம்மைகள் வரவழைப்பவர்கள் பணம் கட்டும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

1950களில் லிவர்பூல் தொழிற்சாலையில் செய்தது, அசல் அட்டைப்பெட்டியோடு. சேகரிப்பவர்களுக்குத் தெரியும், வண்டி கிடைத்துவிடும், பெட்டிதான் கிடைக்காது. டயர் அசலா, பெயிண்ட் பிற்பாடு அடித்ததா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகள் பலவற்றில் துத்தநாகக் கலவையில் ஈயம் சேர்ந்துவிட்டதால் உலோகமே வெடித்து உதிர்ந்துவிடும். இது பிற்காலத்தது என்றாலும் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். இத்தனை கேட்டவன் கஸ்டம்ஸ் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரே சொன்னார்: “இது ஆன்டிக், வரி கிடையாது. எதற்கும் கிஃப்ட் என்று போட்டு விலையையும் குறைத்து எழுதிவிடுகிறேன்.” நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லாதது என் தப்பு, மறைக்கவில்லை.

ஆன்டிக் கதை முதலில் விழுந்தது. பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் சுங்கப் பட்டியலில் 9706 என்ற தலைப்பு 100 ஆண்டு தாண்டிய பொருள்களுக்கு மட்டும். 9705 சேகரிப்புப் பொருள்களுக்கானது; அதில் நுழைய வரலாற்று மதிப்பு போன்ற ஏதாவது ஒன்றைக் காட்டியாக வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 9503, வெறும் பொம்மை. புதிதாக வரும் பிளாஸ்டிக் காரும் என் லாரியும் அங்கே ஒன்றுதான்!

அடுத்தது கிஃப்ட். சுங்கத்தில் பார்சலைத் திறந்து பார்த்தவர்கள் பணம் கட்டிய ரசீதைக் கேட்டார்கள், கொடுத்தேன். உண்மை விலை தெரிந்துவிட்டது. அந்த விலையோடு கூரியர் கட்டணத்தையும் இன்சூரன்ஸையும் கூட்டி அதன் மேல் வரி போட்டார்கள் (பல நாடுகளில் இதுதான் கணக்கு). தவறான விலை காட்டியதற்கு அபராதம் தனி. அப்புறம் கூரியர்காரர்கள் வரியை முன்கூட்டிக் கட்டியதற்கு ஒரு தொகை, கடிதம் போய் வந்த நாள்களுக்கெல்லாம் கிடங்கு வாடகை. எல்லாம் சேர்ந்து லாரி விலையில் பாதியைத் தாண்டியது. வேண்டாம் என்று திருப்பினால் போக வர இரண்டு கட்டணமும் கழித்துத்தான் விற்பனையாளர் பணம் தருவாராம். சரி, தொலைகிறது என்று கட்டினேன்.

வந்த பார்சலில் லாரி பத்திரமாக இருந்தது. அசல் பெட்டிதான் ஒரு மூலை நசுங்கி, மூடும் மடல் கிழிந்திருந்தது. கூரியரில் நஷ்டஈடு கேட்டால், படிவத்தில் எழுதிய விலை வரைக்கும்தான் என்றார்கள். எந்த விலை? எனக்காக அவர் குறைத்து எழுதினாரே, அதே விலை.

விற்பனையாளரிடம் கேட்டதற்கு, விளம்பரத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘டிஏபி’ என்று இருப்பதைக் காட்டினார். பொருளைக் கொண்டுவந்து சேர்ப்பது வரைதான் அவர் பொறுப்பு, வரி நம் தலையில். வரியையும் அவரே கட்டுவதென்றால் ‘டிடிபி’ என்று இருக்க வேண்டும். இப்போதெல்லாம் அந்த மூன்று எழுத்தைத்தான் முதலில் தேடுகிறேன். உண்மை விலையை எழுதச் சம்மதமா என்பதையும் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்கிவிடுகிறேன். யாராவது கிஃப்ட் என்று ஆரம்பித்தால் அதோடு பேச்சு முடிந்தது.

லாரி அலமாரியில் நிற்கிறது. கிழிந்த மடலை ஒட்டவில்லை, பசை பட்டால் பெட்டியின் மதிப்பு இன்னும் இறங்கும்.