டொயோட்டா 86: அருமையான கார், ஆனால் பொடியனின் முதல் காராக வேண்டாம்

அக்காவின் மகன் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதி முடித்து லைசன்ஸும் எடுத்துவிட்டான். அத்தான் அவனுக்குப் பாவித்த டொயோட்டா 86 ஒன்றை வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறார், "நீ கார் தெரிந்தவன், ஓடிப் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்லு" என்று என்னிடம் கேட்டார். தெஹிவளையில் இருக்கிற நண்பனிடம் அதே மொடல், 2013, மெனுவல் கியர் ஒன்று இருக்கிறது. அதை வாங்கி நகரத்துக்குள்ளும், கொட்டாவையில் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறிக் காலி வரைக்கும், அப்புறம் நல்ல மழையிலும் ஓடிப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். காரைப் பற்றியும் சொல்கிறேன், 18 வயசுப் பிள்ளையிடம் இதன் சாவியைக் கொடுப்பதைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் காரைப் பொறுத்தவரை இரண்டையும் பிரித்துக் கதைக்க முடியாது.

முதலில் கார். 2012இல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்தது, சுபாருவின் பெயரில் வருவது பி.ஆர்.இசட். சுபாருவின் 2 லீற்றர் பொக்ஸர் எஞ்சின், அதாவது சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல் இரண்டு பக்கமும் படுத்திருக்கும், அதனால் எஞ்சினின் பாரம் முழுக்கக் கீழே இறங்கிவிடுகிறது. 200 குதிரைவலு, டேர்போ கிடையாது, அந்தப் பலம் முழுவதும் கிடைக்க 7,000 ஆர்.பி.எம். வரைக்கும் கொண்டு போகவேண்டும். பின் சில்லுகள்தான் இழுக்கின்றன. எடை கிட்டத்தட்ட 1,240 கிலோ. நின்ற இடத்திலிருந்து 100 கிமீ வேகத்துக்கு ஏழரை செக்கன் அளவில் போகும், இன்றைக்கு இருக்கிற மின்சாரக் கார்களோடு ஒப்பிட்டால் அது பெரிய வேகம் இல்லை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஒரு வளைவுக்குள் போய்ப் பாருங்கள். முன் சில்லு எந்த இடத்தில் ரோட்டைப் பிடித்திருக்கிறது, எந்த இடத்தில் விடப் பார்க்கிறது என்று உள்ளங்கைக்கே தெரிகிறது. சீட் தரையோடு தரையாக இருக்கிறது, கியர் மாற்றும்போது டக் டக் என்று விழுகிறது, பெடல்கள் சரியான இடத்தில் இருக்கின்றன. இந்த விலைக்குக் கிட்டக்கூட இவ்வளவு சந்தோஷமாக ஓடக்கூடிய வேறு காரில் நான் உட்கார்ந்ததில்லை.

கொழும்பில் வைத்திருக்கக் கஷ்டமான கார் என்பதும் உண்மை. வெள்ளவத்தை ஃபிளாட்களின் நிலக்கீழ் பார்க்கிங்குக்கு இறங்கும்போது முன்பக்கம் உரசும், சாய்த்துச் சாய்த்துத்தான் இறக்கவேண்டும். பின் சீட் என்று ஒன்று இருக்கிறது, வளர்ந்த ஆள் முழங்காலை மடக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் போகலாம், அவ்வளவுதான். பெற்றோல் ஒக்டேன் 95 தான் போடவேண்டும். பின்னேரத்தில் காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து தெஹிவளை வரைக்கும் கிளச்சை மிதித்து மிதித்து வந்தால் இடது கால் கெஞ்சும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் காரைச் செய்தவர்கள் வேண்டுமென்றே அகலம் குறைந்த, பிடிப்புக் குறைந்த டயர் போட்டுத்தான் விற்றார்கள். 17 அங்குல ரிம்மோடு வந்த கார்களுக்குப் போட்டது மிச்செலின் பிரைமசி, பிரியஸ் காருக்கும் போடுகிற அதே வகை டயர். சிக்கனத்துக்காகச் செய்தது இல்லை அது. குறைந்த வேகத்திலேயே காரின் பின்பக்கம் கொஞ்சம் வழுக்கவேண்டும், ஓடுகிறவர் அதை ஸ்டியரிங்காலும் ஆக்சிலேட்டராலும் பிடித்து அனுபவிக்கவேண்டும் என்பதுதான் அவர்களுடைய நோக்கம். தெரிந்த கைக்கு அது பெரிய சந்தோஷம். தெரியாத கைக்கு?

மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம் பொரளை கனத்தை மயானத்துக்குப் பக்கத்துச் சுற்றுவட்டத்திலிருந்து வெளியே வரும்போது, வேகம் 40 கூட இருக்காது, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முன்கூட்டியே அழுத்தினேன். பின்பக்கம் மெல்ல வெளியே போனது. உடனே வி.எஸ்.சி. (கார் சறுக்காமல் தானே பிடிக்கிற கருவி) விளக்கு மினுங்கி, கார் தானே பிரேக் பிடித்து நேராக்கியது. நான் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலேட்டரை மெதுவாகத் தளர்த்தினேன், அதைத்தான் செய்யவேண்டும். புதிதாக ஓடுகிற பிள்ளை என்ன செய்வான்? பயந்து காலை ஒரேயடியாக எடுப்பான், அல்லது பிரேக்கை மிதிப்பான். பின் சில்லு இழுக்கிற காரில் வளைவுக்குள் அப்படிச் செய்தால் பாரம் முழுக்க முன்னுக்குப் போய், பின் டயரில் மிச்சமிருந்த பிடிப்பும் போய்விடும், கார் சுழலும். அவனுடைய பிழை என்றுகூடச் சொல்ல முடியாது, மனிதக் கால் பயத்தில் அப்படித்தான் வேலை செய்யும். அதை மாற்றுவதற்குப் பழக்கம் வேண்டும், பழக்கத்துக்கு வருஷங்கள் வேண்டும்.

"அதுதான் வி.எஸ்.சி. இருக்கே" என்று அத்தானும் சொன்னார். இருக்கிறது, நல்லாகவும் வேலை செய்கிறது. ஆனால் கியருக்குப் பக்கத்திலேயே பொத்தான் இருக்கிறது, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும். காரில் கூட்டாளிமார் இருக்கும்போது, "மச்சான், அதை ஓஃப் பண்ணிட்டு ஒருக்கா அடிடா" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொல்லும்போது, 18 வயசில் எத்தனை பேர் மாட்டேன் என்பார்கள்?

இது என் கற்பனைப் பயம் இல்லை. அமெரிக்காவில் காப்புறுதிக் கம்பனிகளின் பணத்தில் நடக்கிற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்குப்படி, ஓடுகிற தூரத்தோடு ஒப்பிட்டால், 16 முதல் 19 வயசு வரையான சாரதிகள் உயிர்ச்சேத விபத்தில் மாட்டுவது 20 வயசுக்கு மேற்பட்டவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. காரில் அதே வயசுக்காரர்கள் ஏறினால் ஆபத்து இன்னும் ஏறுகிறது, இரவென்றால் அதற்கும் மேலே. பிள்ளைகளுக்குக் குதிரைவலு கூடிய கார் கொடுக்கவேண்டாம் என்பதும் அதே நிறுவனத்தின் அறிவுரைதான்.

நம்முடைய லைசன்ஸ் முறையையும் பாருங்கள். எழுத்துப் பரீட்சை, அப்புறம் ட்ரயல். பகல் வெளிச்சத்தில், பழகிய ட்ரைவிங் ஸ்கூல் காரில், மெதுவாக ஓடிக் காட்டுவது. இரவு ஓட்டம் இல்லை, அதிவேக நெடுஞ்சாலை இல்லை, மழையில் சறுக்கினால் என்ன செய்வது என்று எவரும் கேட்பதில்லை. 18 வயசில் அந்த அட்டை கைக்கு வந்துவிட்டால் சின்ன டொயோட்டா விட்ஸும் ஓடலாம், 500 குதிரைவலுக் காரும் ஓடலாம், சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவுஸ்திரேலியாவில் சொந்தக்காரர் இருக்கிற வீடுகளில் இந்தக் கதை வந்தால் உடனே ஒருத்தர் சொல்வார், "அங்கே பி பிளேட் பொடியன்களே 86 ஓடுறாங்களே" என்று (பி பிளேட் என்றால் அங்கே புதுச் சாரதிகள் காரில் மாட்டும் அட்டை). உண்மைதான். நியூ சவுத் வேல்ஸில் புதுச் சாரதிகளுக்கு ஒரு தொன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் பலமுள்ள கார் தடை. இந்த 86இன் எஞ்சின் 147 கிலோவாட், எடையால் பிரித்தால் 120க்குக் கிட்ட வருகிறது, ஆகவே கோட்டுக்குள் நிற்கிறது. பின்னால் வந்த ஜி.ஆர். 86, 2.4 லீற்றர், கோட்டைத் தாண்டிவிடும். ஆனால் அங்கே அந்தப் பிள்ளை எப்படி அந்த இடத்துக்கு வருகிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 25 வயசுக்குக் குறைந்தவர் என்றால் எல் போர்டோடு 120 மணித்தியாலம் ஓடிப் பதிவு காட்டவேண்டும், அதில் 20 மணித்தியாலம் இரவில். அதுக்குப் பிறகு சிவப்பு பி பிளேட் ஒரு வருஷம், 90க்கு மேல் ஓட முடியாது. இரவு 11 மணிக்குப் பிறகு விடிய 5 மணி வரைக்கும் 21 வயசுக்குக் குறைந்த ஒரேயொருவரைத்தான் ஏற்றலாம். பிறகு பச்சை பி பிளேட் இரண்டு வருஷம். குடி என்றால் ஒரு சொட்டும் இருக்கக்கூடாது. இவ்வளவு வேலிக்குள் நின்று ஓடுகிற பிள்ளையையும், ட்ரைவிங் ஸ்கூலில் கொஞ்ச நாள் பழகிவிட்டு கொழும்பு மரைன் டிரைவில் நடுச்சாமத்தில் இறங்குகிற பிள்ளையையும் எப்படி ஒன்றாக வைத்துக் கதைக்கிறது?

பொடியன் என்னிடம் நேராகவே கதைத்தான், நல்ல பிள்ளை, பொய் சொல்கிறவன் இல்லை. "மாமா, நான் மெதுவாத்தான் ஓடுவேன், நீங்க வேணும்னா பக்கத்துல இருந்து பாருங்க" என்றான். அவன் மனசாரத்தான் சொல்கிறான். நான் பக்கத்தில் இருக்கும்போது மெதுவாகத்தான் ஓடுவான் என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் 100 கிமீ வேகத்தில் ஒரு செக்கனுக்கு 28 மீற்றர் போகிறது கார். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்கு. பழகிய சாரதி ரோட்டைத் தூரத்திலேயே வாசிக்கிறார், ஹால்டில் நிற்கிற பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஆள் வெளியே வரும், ஓட்டோ கையும் காட்டாமல் திரும்பும் என்பது அவருக்கு முதலே தெரியும். புதியவருக்குக் கண் பொனட்டுக்கு முன்னாலேயே நிற்கும், ஆபத்து தெரியும்போது தூரம் முடிந்திருக்கும். சின்னக் காரில் அந்தத் தாமதத்துக்குக் கொஞ்சம் மன்னிப்பு உண்டு. 86இல் இரண்டாம் கியரிலேயே நகர எல்லையான 50ஐச் சாதாரணமாகத் தாண்டிவிடும், தாண்டியது காதுக்கும் தெரியாது.

இந்த நாட்டில் வருஷத்துக்கு 2,000 பேருக்கு மேல் ரோட்டில் சாகிறார்கள். அவர்களில் நடந்து போனவர்களும் மோட்டார் சைக்கிளில் போனவர்களும் நிறையப் பேர். ஆகவே "என்ர பிள்ளை, என்ர காசு" என்று முடிக்கக்கூடிய விஷயம் இல்லை இது. காலி வீதியில் கடவையில் நிற்கிற அம்மாவுக்கு இந்தக் காரைப் பற்றி எந்தப் பேச்சும் இல்லை, ஆனால் அவர்தான் முன்னுக்கு நிற்கிறார்.

அதற்காக ஆகச் சின்னது, ஆக மலிவானது என்று தேடியும் கொடுக்கவேண்டாம். நம் ரோடெல்லாம் ஓடுகிற சுசுகி ஆல்ட்டோ 800, எயார் பேக் இல்லாத இந்திய மொடல், 2014இல் குளோபல் என்கெப் மோதல் பரிசோதனையில் பூச்சியம் நட்சத்திரம் வாங்கியது. பலம் குறைந்த கார் வேறு, பாதுகாப்பான கார் வேறு. நான் அத்தானுக்குச் சொன்னது ஒரு டொயோட்டா ஆக்ஸியோ 1.5. ஏறக்குறைய 110 குதிரைவலு, முன் சில்லு இழுக்கிறது, நேரான அடக்கமான கார். விட்ஸும் பரவாயில்லை, 1 லீற்றரில் 69 குதிரைவலுதான், நகரத்துக்குத் தாராளம். எதை எடுத்தாலும் வி.எஸ்.சி. இருக்கிறதா, எயார் பேக் உண்மையில் உள்ளே இருக்கிறதா (அடிபட்டு வெடித்த பிறகு மூடியை மட்டும் ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள்) என்று ஸ்கேன் பண்ணிப் பார்த்து எடுங்கள். முதல் வருஷம் இரவில் கூட்டாளிமாரை ஏற்றுவதில்லை என்று வீட்டிலேயே ஒரு சட்டம் போடுங்கள், அரசாங்கம் போடாததை அப்பா போடலாம்.

வேக ஆசையை அடக்கச் சொல்லவில்லை நான். அந்த ஆசை இல்லாவிட்டால் நானும் இந்தக் காரைத் தேடி ஓடியிருக்க மாட்டேன். பண்டாரகமையில் கார்ட்டிங் இருக்கிறது, பொடியனை அங்கே கூட்டிப் போங்கள், ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆசை தீர ஓடட்டும், பின்பக்கம் வழுக்குவது என்றால் என்ன என்று உடம்பு அங்கேதான் பழகும், பிழை விட்டால் டயர் சுவரில் மோதி நிற்கும். ரேஸ் என்றால் எதுவும் ஆகாது என்றும் நினைக்கக்கூடாது. 2024 ஏப்ரலில் தியத்தலாவை பொக்ஸ் ஹில் ரேஸில் ஒரு கார் பாதையை விட்டு விலகி 7 பேர் செத்துப் போனார்கள், ஒரு சின்னப் பிள்ளை உட்பட. பழகிய ஓட்டுநர்கள் ஓடுகிற இடத்திலேயே அப்படி.

அப்போ இந்த 86 யாருக்கு? சில வருஷம் ஒழுங்காக ஓடி, மழையிலும் இரவிலும் தூரப் பயணத்திலும் கை பழகியவருக்கு. வீட்டில் குடும்பத்துக்கு வேறு கார் இருப்பவருக்கு. அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன், ஒன்றைத் தவிர. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனத்துக்குத் திறந்தார்கள், ஆகவே சந்தையில் நிற்கிற முதல் தலைமுறை 86 எல்லாம் ஏற்கெனவே இங்கே ஓடிக் களைத்தவை, பல கை மாறியவை. அத்தான் காட்டிய கார் சேலில் நின்ற ஒன்றை நானும் போய்ப் பார்த்தேன். "பொடியன்களுக்கென்றே செய்த கார் சேர்" என்று விற்பனைக்காரர் சொன்னார், கீழே குனிந்து பார்த்தால் பின்பக்க சஸ்பென்ஷன் கை ஒன்று புதிது, மற்றது பழையது, ஒரு பக்கம் எங்கேயோ பலமாக அடிபட்டிருக்கிறது. பின் டயர் இரண்டும் முன் டயரைவிட வேறு பிராண்ட், கட்டியாகிப் போன ரப்பர். ஸ்டார்ட் பண்ணும்போது வி.எஸ்.சி. விளக்கு ஒரு தடவை எரிந்து அணையவேண்டும், அதில் எரியவே இல்லை, பல்பைக் கழற்றியிருக்கலாம். அடுத்ததாக வாங்கப் போகிறவர்கள் இந்த மூன்றையும் முதலில் பாருங்கள், பெயின்ட் பளபளப்பைப் பிறகு பார்க்கலாம்.