கருப்பினப் பதின்பருவக் கதைகள்: எந்தத் தொகுப்பை முதலில் வாங்கலாம்?

அமெரிக்கக் கருப்பினப் பிள்ளைகளைப் பற்றிய இளையோர் சிறுகதைகளைத் தேடினால் மூன்று தொகுப்புகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். இபி ஸோபோய் தொகுத்த ‘பிளாக் இனஃப்’ (2019), பேட்ரிஸ் கால்டுவெல் தொகுத்த ‘எ ஃபீனிக்ஸ் ஃபர்ஸ்ட் மஸ்ட் பர்ன்’ (2020), ஆறு பெண் எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிய ‘பிளாக்அவுட்’ (2021). மூன்றும் அடுத்தடுத்து வந்ததற்குப் பின்னணி உண்டு. 2013இல் அமெரிக்காவில் வெளியான 3,200 சிறார் நூல்களில் கருப்பின மக்களைப் பற்றியவை வெறும் 93 என்று 2014 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் கருப்பின சிறார் எழுத்தாளர் வால்டர் டீன் மையர்ஸ் எழுதினார். அந்த ஆண்டு கிளம்பிய விவாதம் பதிப்பகங்களைச் சும்மா இருக்க விடவில்லை.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் ‘பிளாக் இனஃப்’பைத்தான் எடுப்பேன். பதினேழு கதைகளும் தேறும் என்பதால் அல்ல, ஐந்தாறு சுமார் ரகம்தான். ஆனால் ‘நீ எங்களில் ஒருத்தியா?’ என்ற கேள்வியை இந்தப் புத்தகம் வெள்ளைக்காரர்கள் வாயில் வைக்கவில்லை, சொந்தக்காரர்களையே கேட்க வைக்கிறது. பிராண்டி கோல்பர்ட்டின் கதையில் ஜோனி வெள்ளையர் நிறைந்த ஊரில் வளர்பவள். கருப்பினப் பெண்களுக்கான ஸ்பெல்மன் கல்லூரிக்கு வீட்டில் சொல்லாமல் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். சிறு வயதில் அவளை ‘ஓரியோ’ (வெளியே கருப்பு, உள்ளே வெள்ளை) என்று சொல்லிக் காட்டியவள் உறவுக்காரப் பெண். பள்ளியில் யாரோ சொல்லியிருந்தால் மறந்திருப்பாள். சொந்தத்தில் ஒருத்தி சொன்னது ஆண்டுக்கணக்கில் உள்ளே கிடக்கிறது.

டோச்சி ஒன்யெபுச்சியின் கதை இன்னும் ஒரு படி மேலே. நைஜீரியப் பெற்றோரின் பிள்ளை சோபெச்சி, பேச்சுப் போட்டிகளில் கெட்டிக்காரன், அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன். புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி அவனுக்கு மெட்டல் இசையைப் பழக்குகிறாள். அந்த இரைச்சலைப் பிடித்துக்கொண்டு போனவன், வீட்டில் யாரும் பேசாத பியாஃப்ரா போரில் (நைஜீரிய உள்நாட்டுப் போர், 1967–70) வந்து நிற்கிறான். கருப்பின அடையாளம் என்றாலே அமெரிக்க அடிமை வரலாறு என்று நினைப்பவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது ஜேசன் ரெனால்ட்ஸின் கதை. நீச்சல் குளத்திலிருந்து வீடு திரும்பும் பையன்கள், வயிற்றில் கொலைப்பசி. ஆளாளுக்கு ஒரு சாண்ட்விச்சைக் கற்பனையிலேயே அடுக்கிக்கொண்டு வருகிறார்கள். வீட்டுக்குப் போனால் கிடைப்பது கிண்ணத்தில் பால் ஊற்றித் தின்னும் சீரியல்தான். அவ்வளவே கதை. அடையாளம் பற்றி ஒரு வரி கிடையாது, அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நடந்து வருவதுதான் எல்லாம்.

குறை என்றால், சில கதைகள் நாவலின் முதல் அத்தியாயம் போலப் பாதியில் நிற்கின்றன. ஸோபோயின் சொந்தக் கதையையே பாருங்கள். கருப்பினத் தேசியவாதத் தந்தையிடம் வளரும் நைஜீரியா ஜோன்ஸின் கதை சிறுகதைக்குள் அடங்கவில்லை. 2023இல் அது முழு நாவலாகவே வந்து, அடுத்த ஆண்டு கருப்பின எழுத்தாளர்களின் சிறார், இளையோர் நூல்களுக்குத் தரும் கொரெட்டா ஸ்காட் கிங் விருதும் வாங்கியது.

‘பிளாக்அவுட்’டில் இந்தத் தொல்லை இல்லை. நியூயார்க்கில் கோடைப் புழுக்கத்தில் மின்சாரம் போய்விடுகிறது, ஒன்றோடொன்று பின்னிய ஆறு காதல் கதைகள் தொடங்குகின்றன. டிஃபனி ஜாக்சனின் கதை மட்டும் தவணை தவணையாக நூல் முழுக்க ஓடுகிறது. பிரிந்துபோன காதலர்கள் இருவர், இருவருக்கும் கண் புகழ்பெற்ற கலையரங்கான அப்போலோ தியேட்டரின் ஒரே பயிற்சி வேலை மேல். ரயில் இல்லாததால் ஹார்லெமிலிருந்து புரூக்ளின் வரை சேர்ந்து நடந்தே போகிறார்கள். சுரங்க ரயிலில் மாட்டிக்கொள்ளும் இரண்டு பையன்கள், முதியோர் இல்லத்தில் சந்திக்கும் இரண்டு பெண்கள் என்று மற்றவையும் சுவையானவை. எனக்குள்ள மனத்தாங்கல், இங்கே யாருக்கும் ‘நான் யார்?’ என்ற தவிப்பு பெரிதாக இல்லை என்பது. காதல் கைகூடுமா என்பதுதான் கேள்வி. கருப்பினப் பிள்ளைகளும் நிம்மதியாகக் காதலிக்கட்டுமே என்பதே ஆசிரியர்களின் வாதம். நியாயம்தான், ஆனால் நாம் தேடி வந்தது வேறு. ஆங்கிலக் கதைப் புத்தகம் இப்போதுதான் தொடங்கும் பிள்ளைக்கு வாங்குவதானால், யோசிக்காமல் இதை வாங்கலாம்.

‘ஃபீனிக்ஸ்’ மாயமும் அறிவியல் புனைவும் பிடித்தவர்களுக்கு. பதினாறு கதைகளில் எலிசபெத் அசெவேடோவுடையது மட்டுமே எனக்கு மனதில் ஒட்டியது. உலோகத்தை வசப்படுத்தத் தெரிந்த கரீபிய அடிமைப் பெண் ஒருத்திக்கு, தன் விடுதலையா கலகமா என்ற நெருக்கடி. மற்ற பலவற்றில், புதிய உலகத்தை விளக்கி முடிப்பதற்குள் பக்கம் தீர்ந்துவிடுகிறது.

‘பிளாக் இனஃப்’ வாங்குபவர்கள் வரிசைப்படி படிக்க வேண்டாம். ரெனால்ட்ஸ், கோல்பர்ட், ஒன்யெபுச்சி என்று தொடங்கலாம். ரீட்டா வில்லியம்ஸ்-கார்சியாவின் கதையைக் கடைசிக்கு வையுங்கள். மாடலாக வேலை பார்க்கும் பையன் பாத்திரத் தண்ணீரில் முகம் பார்க்கிறான், அடிமைக் காலத்து மூதாதை ஒருவர் எதிரே தெரிகிறார். மற்ற கதைகளின் நடப்பு உலகம் பழகிய பிறகு படித்தால்தான் அந்தத் துணிச்சல் புரியும்.