டைட்டானியம் பார் எடை: ஆறு வருஷமா போனில் கணக்குப் போட்ட அனுபவம்

கோயம்புத்தூர் குறிச்சி சிட்கோ பக்கம் சின்ன கம்பெனி, கம்ப்யூட்டரில் ஓடும் ரெண்டு சிஎன்சி மெஷின், ஒரு பழைய லேத், உலோகம் அறுக்க ஒரு பேண்ட்சா. பெரும்பாலும் எம்எஸ் (சாதா இரும்பு), எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வேலைதான். 2019-ல் முதல் முறையா டைட்டானியம் ஜாப் வந்தது. இரும்பு ராடு என்றால் எங்களுக்கு யோசிக்கவே வேண்டாம், டயாவை, அதாவது மில்லிமீட்டரில் விட்டத்தை, டயாவால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும், லேத்துக்கு வந்த முதல் வாரமே கற்றுக்கொடுக்கிற கணக்கு அது. டைட்டானியத்துக்கு அப்படி ஒரு நம்பர் யாருக்கும் தெரியவில்லை. போனில் ஒரு இலவச எடைக் கணக்கு ஆப்பை இறக்கினேன். இன்றைக்கு வரைக்கும் அது போனில் இருக்கிறது. அதைப் பற்றியும், அது எனக்கு வைத்த செலவைப் பற்றியும்தான் எழுதுகிறேன்.

ஆப்பில் குறை சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை. ரவுண்டு, ஹெக்ஸ் (அறுகோணம்), ஸ்கொயர், பைப் எல்லாம் இருக்கிறது, மெட்டீரியல் பட்டியலில் டைட்டானியம் என்று ஒரே ஒரு வரி. அதைத் தொட்டு, டயா 60, நீளம் 3000 மில்லிமீட்டர் என்று போட்டால் 38.26 கிலோ. முதல் லாட்டில் சப்ளையர் பில்லிலும் ஒரு பாருக்கு (நீள ராடுக்கு) 38.26 என்றே இருந்தது. எங்கள் தராசில் ஏற்றிப் பார்த்தோம், 38.08 காட்டியது. "அண்ணா, பில்லும் எடையும் சரியாத்தாங்க இருக்குது" என்று பையன் சொல்ல, நானும் திருப்தியா கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். 180 கிராம் என்ன பெரிய விஷயம், தராசு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று நினைத்தேன். ஆப் பிரமாதம் என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

ஒரு வருஷம் ஓடியது. அடுத்த ஜாப்புக்கு கிரைண்டிங் செய்த பார் கேட்டிருந்தோம், பளபளவென்று ஆறு பார் வந்தது. பில்லில் அதே 38.26. தராசில் 37.51. இன்னொன்றை ஏற்றினோம், 37.52. ஒரு பாரில் முக்கால் கிலோ குறைகிறது, ஆறு பாருக்கு நாலரை கிலோ. எஸ்எஸ் என்றால் பேசித் தீர்த்துவிடலாம், டைட்டானியத்தில் ஒரு கிலோவே ஆயிரக்கணக்கில் போகிற சமாச்சாரம். சப்ளையருக்குப் போன் போட்டால், "நாங்க தியரிட்டிக்கல் வெயிட்லதான் பில் போடுவோம் சார், நீங்களே ஆப்ல போட்டுப் பாருங்க" என்கிறார். தராசில் நிறுத்தது இல்லை, அளவை வைத்துக் கணக்குப் போட்ட எடை. போட்டுப் பார்த்தேன். 38.26!

அன்றைக்கு ராத்திரி ஒரு காரியம் செய்தோம். ஒரு துண்டை வெட்டி, ரெண்டு முகத்தையும் ஃபேசிங் செய்து, அதாவது லேத்தில் சமமாகச் சீவி, சரியா 100 மில்லிமீட்டர் நீளத்துக்குக் கொண்டுவந்து, மைக்ரோமீட்டரில் டயா பார்த்தால் 59.95. சிறிய எலக்ட்ரானிக் தராசில் 1250 கிராம். ஆப் சொல்கிற அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.51 கிராம், அதன்படி அந்தத் துண்டு 1273 கிராம் இருக்க வேண்டும். 1250-ஐ கன அளவால் வகுத்தால் 4.43 வருகிறது. பாரோடு வந்த டி.சி.யை (டெஸ்ட் சர்ட்டிபிகேட்) எடுத்துப் பார்த்தால் கிரேடு 5 என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

விஷயம் இவ்வளவுதான். 4.51 என்பது கலப்பில்லாத சுத்த டைட்டானியத்துக்கு, அதாவது கிரேடு 1, கிரேடு 2 மாதிரி. கிரேடு 5-ல் ஆறு சதவீதம் அலுமினியமும் நாலு சதவீதம் வனேடியமும் கலந்திருக்கிறது. அலுமினியம் லேசு, அதனால் அடர்த்தி 4.43-க்கு இறங்கிவிடுகிறது. எலும்புக்கு வைக்கிற பிளேட், ஸ்க்ரூவுக்குப் போகும் கிரேடு 23-க்கும் ஏறக்குறைய அதேதான். வித்தியாசம் ரெண்டு சதவீதம்கூட இல்லை. ஆனால் ஆப்புக்கு இந்த எல்லாமே ஒரே டைட்டானியம்.

சரி, அப்படியென்றால் முதல் லாட் எப்படி ஒத்துப்போனது? அதுதான் எனக்கு ரொம்ப நாள் உறுத்திக்கொண்டிருந்தது. அந்த லாட்டில் மிச்சமான ஒரு துண்டு ரேக்கில் கிடந்தது, வெர்னியர் வைத்தால் 60.4. கிரைண்டிங் செய்யாத பார், கொஞ்சம் தடிமனாகவே வந்திருக்கிறது. டயா இரண்டு தடவை பெருக்கப்படுவதால் அந்த 0.4 மில்லிமீட்டரே எடையை 1.3 சதவீதம் ஏற்றிவிடும். அடர்த்தியில் நான் கூடப் போட்டது, டயாவில் குறைத்துப் போட்டது, ரெண்டு தப்பும் ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு எனக்குச் சரி என்று காட்டியிருக்கிறது. ஒரு வருஷமா நான் ஆப்பைப் புகழ்ந்ததெல்லாம் இந்த லட்சணத்தில்தான்.

அதற்கப்புறம் எக்ஸெல்லில் சொந்தமா ஒரு ஷீட் போட்டேன், அதைத்தான் இப்போது தினமும் பயன்படுத்துகிறேன். இரும்புக்கு 162 மாதிரி, ரவுண்டு பாருக்கு கிரேடு 5 என்றால் 287.4, கிரேடு 2 என்றால் 282.3. வாயில் சொல்லும்போது 287, 282. ஹெக்ஸுக்கு எதிரெதிர் தட்டை முகங்களுக்கு நடுவே உள்ள அளவை அதே அளவால் பெருக்கி, வகுக்க கிரேடு 5-க்கு 261, கிரேடு 2-க்கு 256. ஸ்கொயர் கிரேடு 5-க்கு 226. லேத் பக்கத்துச் சுவரில் 162-க்குக் கீழேயே மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஷீட்டில் டயா கட்டத்தில் பில்லில் இருக்கிற அளவைப் போட மாட்டேன். ரெண்டு முனை, நடு, மூன்று இடத்தில் அளந்து சராசரி. இன்ச் அளவில் வருகிற பாரில் இது ரொம்ப முக்கியம். இரண்டரை இன்ச் பாரை நம்ம ஆட்கள் வாய்வழக்கில் 63 என்பார்கள், நிஜத்தில் 63.5, அதிலேயே 1.6 சதவீதம் போச்சு.

இன்னொரு இடத்திலும் அடிபட்டிருக்கிறேன். பீஸ் நீளம் 75, பார் 3000, வகுத்தால் 40 பீஸ் என்று கணக்குப் போட்டு கஸ்டமருக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டேன். பேண்ட்சா பிளேடு வெட்டிலேயே 1.6 மில்லிமீட்டர் தின்னும், ஃபேசிங்குக்கு ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் என்று ரெண்டு, ஆக ஒரு பீஸுக்கு 78.6. நாற்பது எங்கே வரும், 38-தான் வந்தது. பாருக்கு ரெண்டு பீஸ் மெட்டீரியல் கைக்காசு. இப்போது ஷீட்டில் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது, அதை நிரப்பாமல் விட்டால் எடை காட்டாது.

ஸ்கிராப் கணக்கையும் அதிலேயே வைக்கப் பார்த்தேன், சரிவரவில்லை. கடையும்போது விழும் சுருளில் கூலன்ட் (சூடு தணிக்க ஊற்றுகிற திரவம்) ஒட்டிக்கொண்டிருப்பதால் எடை எப்போதும் கூடத்தான் காட்டும், வாங்குகிறவர் அவர் இஷ்டத்துக்குக் கழிப்பார். கிரேடு வாரியாகத் துண்டுகளைத் தனித்தனி டப்பாவில் போடுவதோடு நிறுத்திக்கொண்டேன். பொடிச் சுருளைக் குவித்து வைக்காதீர்கள், தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. பக்கத்தில் உலர்ந்த மணல் ஒரு வாளி வைத்திருக்கிறோம்.

சப்ளையர் அந்த நாலரை கிலோவைத் திருப்பித் தரவில்லை. இப்போது பர்ச்சேஸ் ஆர்டரிலேயே 'தராசு எடைப்படி பில்' என்று ஒரு வரி போடுகிறேன், அவரும் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறார். ஆப்பை அழிக்கவில்லை, பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் அதுதான் சீக்கிரம். அடர்த்தியைக் கையால் மாற்ற அதில் ஒரு கட்டம் இருந்ததாம், மூன்றாவது வருஷம்தான் கண்ணில் பட்டது.

போன வாரம் 63.5 பார் ஒன்று வந்தது, இரண்டரை மீட்டர். ஷீட்டில் 35.07, தராசில் 35.12. ஐம்பது கிராம் எங்கிருந்து வந்தது என்று மறுபடி டயா அளந்து, நீளம் அளந்து, அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். பையன் வந்து ரெண்டு முனையிலும் மாட்டியிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிக் கையில் கொடுத்தான்.